அநாதைகள் மட்டுமே போன தீவு

அந்த யோசனை வந்தபோது என் கையில் இலைவாரி இருந்தது. ஏப்ரல் கடைசி, ஒஸ்லோவில் எங்கள் தொடர்மாடியில் டுக்னாட். பனிக்காலத்தில் ஆட்கள் வழுக்கி விழாமல் இருப்பதற்காகப் பாதையெங்கும் கொட்டிய பொடிக்கற்களை, பனி கரைந்த பிறகு குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி வாரி அள்ளுகிற சனிக்கிழமை. வராதவர்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் அடுத்த வருடம் வரைக்கும் மின்தூக்கிக்குள் அவர்களுக்குக் கிடைக்கிற புன்னகை கொஞ்சம் சின்னதாக இருக்கும். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் எங்கள் வீட்டுக்காக நான் இறங்கியிருந்தேன்.

பாதையை வாரத்தான் சொன்னார்கள். நான் வாரிக்கொண்டே கட்டடத்தின் பின்பக்கம், காட்டுக்கு ஏறுகிற சரிவுக்குப் போய்விட்டேன். அங்கே நடுவில் பிளந்த ஒரு பெரிய பாறை இருக்கிறது. ஒரு ஆள் பக்கவாட்டாக உள்ளே நுழையலாம். பதினைந்து வயது ஆள் என்றால் இலகுவாக. பிளவுக்குள் கிடந்த பழைய இலைகளை இழுத்தபோது உட்சுவரில் ஒரு நீலக்கோடு தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தன் வாலைத் தானே கவ்விக்கொண்டிருக்கும் பாம்பு. பாம்பு என்று சொன்னால்தான் பாம்பு. சொல்லாவிட்டால் உளுந்து வடைக்குப் பல் முளைத்த மாதிரி. கீறியவன் நான்.

எட்டாந்தீவின் வாசல். பத்து வருடமாக ஒருவரும் திறக்காத வாசல்.

கையுறையைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல், இதைத் திரும்பத் தொடங்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. தள்ளுவண்டியோடு வந்த பக்கத்து வாசல் மூதாட்டி, உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். இல்லை, உயிரோடுதான் இருக்கிறது என்றேன். அவர் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எட்டாந்தீவு நாங்கள் நாலு பேர் பள்ளிக்கூட வயதில் விளையாடிய விளையாட்டு. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வீரனாகவோ வீராங்கனையாகவோ மாறி, ஒரு கதையைப் பேசிப் பேசியே நடத்துவது. ஒருவர் கதையை ஓட்டுவார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை, எங்கள் வாயில் டெர்னிங், சொல்லும். பெட்டியாகக் கடையில் வாங்கக்கூடிய இந்த மாதிரி விளையாட்டுகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் எல்லாம் கோட்டைகளும் கோடரிக் குள்ளர்களுமாக இருந்தார்கள். எனக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் வேண்டும்.

யாழ்ப்பாணத்தைச் சுற்றி ஏழு தீவுகள் என்று அப்பா சொல்வார். எட்டாவதாக ஒன்று இருந்தால் என்ன? மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக, மாமனும் மருமகனுமான இரண்டு நாக அரசர்கள் சண்டை பிடித்த பழங்கதையைத் தமிழ்ப் பாடசாலையில் சொல்லித் தந்திருந்தார்கள். நோர்வேப் பள்ளிக்கூடத்திலோ, உலகம் முழுவதையும் வளைத்துக் கடலடியில் படுத்துத் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டிருக்கிற பாம்பைப் பற்றிப் படித்தோம். இரண்டு பக்கத்துப் பாம்புகளும் சொந்தக்காரர்கள் என்று நான் தீர்மானித்தேன். ஆசனம் எட்டாந்தீவில் இருக்கிறது. தீவைச் சுற்றி வடக்குப் பாம்பு படுத்திருக்கிறது. அது வாயைத் திறந்தால்தான் படகு உள்ளே போகலாம்; நாக குலத்தவர் கேட்டால்தான் அது வாயைத் திறக்கும். இதற்குமேல் விளக்கினால் பொழுது போய்விடும். என்னைப் பேசவிடக்கூடாது என்று மச்சாள் சொல்வது இதனால்தான்.

மச்சாள் மாமாவின் மகள், என் வயதுக்காரி. இயக்கர் குலத்து வாள்காரியாக வருவாள். என்னைவிட இரண்டு வயது குறைந்த என் தம்பி, களவெடுக்கிற படகோட்டி. பகடையை எறியுமுன் தம்பி சிலுவை அடையாளம் போடுவான். போட்டதற்காகக் கூடுதலாக ஒரு புள்ளி வேண்டும் என்று கிழமைக்குக் கிழமை வாதாடுவான். நாகர் காலத்தில் சிலுவை கிடையாது என்று நான் மறுப்பேன். நாலாவது ஆள் மன்னார் அக்கா. என்னைவிட ஒரு வயது மூத்தவர். தகப்பன் முதலே இங்கே வந்துவிட, தாயும் மகளுமாகப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். விளையாடிய காலத்தில் அக்கா நோர்வேக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். அவர் நாக இளவரசி. பாம்பின் வாயைத் திறக்கக்கூடிய ஒரே ஆள். கதையை ஓட்டியவன் நான். பெரிய படகை நடத்துகிறவரை அப்பா தண்டையல் என்பார். அந்தப் பட்டத்தை எனக்கு நானே சூட்டிக்கொண்டேன்.

நான் தலைகால் புரியாமல் பெருமைப்பட்ட விதி ஒன்றும் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் இங்கே பிறந்தவர்கள். அந்த வயதில் எங்களுக்குள் நோர்வே மொழிதான். மேசையில் ஒருவர் பசிக்கிறது என்றால், பசி அவருக்கா அவருடைய வீரனுக்கா என்று தெரியாமல் முதல் இரண்டு கிழமை திண்டாடினோம். மூன்றாம் கிழமை சட்டம் போட்டேன். கதைக்கு உள்ளே தமிழ், கதைக்கு வெளியே நோர்வே மொழி. தமிழில் சொன்னதெல்லாம் தீவில் நடந்தது. நோர்வே மொழியில் சொன்னதெல்லாம் நாங்கள் குடியிருக்கிற ரொம்சோஸில் நடந்தது. குழப்பம் ஒரே நாளில் தீர்ந்தது.

பெற்றோருக்கு அது வேறு மாதிரி விளங்கியது. பாடசாலை முடிந்த பிறகும் பிள்ளைகள் அதே வகுப்பறையில் குந்தியிருந்து மூன்று மணித்தியாலம் தமிழ் கதைக்கிறார்கள் என்று அம்மா பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். எங்களுக்குத் தின்ன ரோல்ஸும் சீனிச்சம்பல் பணிசும் பெட்டி பெட்டியாக வந்தன. அந்தத் தமிழில் என்ன கதைக்கிறோம் என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால், தலையைக் கொய்து இறாலுக்குத் தீன் போடுவேன் என்று தம்பி யாரையோ வெருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டிருப்பார்கள்.

இப்படியாக ஒரு இலையுதிர்காலமும் ஒரு பனிக்காலமும் போயின. பிறகு அக்கா வராமல் விட்டார். கோடை விடுமுறையில் அவர்கள் குடும்பமாக வடக்கே துரொண்ட்ஹெய்முக்கு இடம் மாறிவிட்டார்கள். நாக இளவரசி இல்லாமல் பாம்பு வாயைத் திறக்காது. ஆகவே விளையாட்டு நின்றது. நான் இத்தனை வருடமும் வைத்திருந்த விளக்கம் இது.

டுக்னாட் தள்ளுவண்டியைக் கொட்டுவதற்கு முன்பே எங்கள் பழைய கைபேசிக் குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டேன். அதில் கடைசியாகக் கிடந்ததும் என் செய்திதான்: அடுத்த சனி இரண்டு மணி. அதற்குக் கீழே தம்பி போட்ட கட்டைவிரல் குறி. இந்த முறையும் தம்பியின் கட்டைவிரல் உடனே வந்தது. அவன் இப்போது மின்சார வேலை செய்கிறான், அன்றைக்கு விடுமுறை. தாதியாக இருக்கும் மச்சாள் வேலை முடிந்து எழுதினாள், உனக்கு இந்த மாதம் பரீட்சை இல்லையா என்று. இருந்தது. உயிரியலை விட்டுக் கணினிக்குப் போய், கணினியை விட்டு மதங்களின் வரலாற்றுக்கு வந்திருந்த வருடம் அது. மன்னார் அக்கா செய்தியைப் பார்த்ததாக அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, மச்சாளின் குசினி மேசையில் மூன்று பேரும் இருந்தோம். தொடங்கவே முடியவில்லை. எங்கே விட்டோம் என்பதில் ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. ஆசனத்தை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் நிற்கிறோம் என்றான் தம்பி. பாம்பின் வாய்க்கு முன்னால் நிற்கிறோம் என்றேன் நான். மச்சாள் இரண்டையும் மறுத்தாள்.

"நான் செத்திட்டன். எனக்கு நல்ல ஞாபகம். ஒரு கிழமை அழுதனான்."

"நீ சாகேல்லை," என்றான் தம்பி. "உன்ரை வாள்தான் உடைஞ்சது."

"வாள் உடைஞ்சதுக்கு ஆர் ஒரு கிழமை அழுவினம்?"

"நீதான்."

இப்போது நாங்கள் எந்த மொழியில் கதைக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. ஒரு வசனம் தமிழில் தொடங்கி நோர்வே மொழியில் முடிகிறது. மச்சாளின் வார்ட்டில் வயதான தமிழ் நோயாளர்கள் கூடக்கூட அவளுடைய தமிழும் கூடிவிட்டது. தம்பி வேலைத்தலத்தில் இன்னொரு தமிழ்ப் பெடியனோடு கதைத்துக் கதைத்து நல்லாய் வந்துவிட்டான். பழைய சட்டத்தின்படி பார்த்தால் நாங்கள் பாதி நேரம் தீவில் இருந்தோம்.

சண்டையைத் தீர்க்க என் பழைய விளையாட்டுக் குறிப்புக் கொப்பியை எடுத்தேன். தண்டையலின் சிவப்பு மட்டைக் கொப்பி. ஒவ்வொரு படிப்பு மாற்றத்திலும் என்னோடு வந்தது, ஆனால் ஒருபோதும் திறந்ததில்லை. மூன்று பேரும் பிழை. கடைசி நாள் நாங்கள் ஆறாந்தீவில் ஒரு சந்தையில் ஆடு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். மச்சாள் உயிரோடிருந்தாள், வாளும் உடையவில்லை. அதற்குக் கீழே, கொப்பியின் கடைசி வரியாக, என் கையெழுத்தில் இப்படி இருந்தது:

இளவரசியின் அப்பா. மயங்கி விழுந்தார். பகடை: 2. இறந்தார்.

பக்கத்தில் 'நல்ல திருப்பம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்.

விளங்கவில்லை. நாக இளவரசிக்கு அப்பா கிடையாது. அவருடைய வீரர் தாள் கொப்பிக்குள்ளேயே இருந்தது: பெயர், குலம், ஆயுதம், பயம், குடும்பம். குடும்பம் என்ற இடத்தில் 'இல்லை'. எங்கள் எல்லோருடைய தாளிலும் 'இல்லை'தான். தாய் தகப்பன் இருந்தால் தீவுக்கெல்லாம் போக விடமாட்டார்கள் என்பதால், முதல் நாளே அத்தனை பேரையும் நான் அநாதை ஆக்கியிருந்தேன்.

"அப்ப இது ஆரின்ரை அப்பா?" என்று கேட்டாள் மச்சாள்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆட்டுச் சந்தைக்குள் ஒரு அப்பா எங்கிருந்து வந்தார்? மறைந்திருந்த நாக அரசர் ஒருவரை நான் கொண்டுவந்தேனா? அப்படியென்றால் முன்பக்கத்தில் திட்டம் இருக்கவேண்டும். நான் திட்டமில்லாமல் ஒரு ஆட்டைக்கூடக் கொண்டுவராத ஆள். தம்பி பகடையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு அக்கா சிலுவை போட்டவா," என்றான். "டெர்னிங் போட முதல். அவா ஒரு நாளும் விளையாட்டிலை சிலுவை போடுறேல்லை. நான்தான் அவாவுக்கு ஒரு புள்ளி கூடக் குடு எண்டு கேட்டனான். நீ குடுக்கேல்லை."

மச்சாள் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். குடிக்கவில்லை, திறந்துவிட்டு நின்றாள். அன்றைக்கு வேறு ஒன்றும் விளையாடவில்லை.

வீட்டுக்கு வந்து, ஏதோ தற்செயலாகக் கேட்பதுபோல் அம்மாவிடம் கேட்டேன், மன்னாரிலிருந்து வந்த அந்தக் குடும்பம் ஏன் இடம் மாறினது என்று. தகப்பனுக்கு ஏதோ சுகமில்லாமல் வந்தது, பிறகு அங்கே உறவுக்காரரோடு போய் இருந்தவர்கள் என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

"ஏன், உனக்குத் தெரியாதே? நீங்கள் எல்லாம் ஒண்டாத்தானே இருந்தனீங்கள்."

அக்காவுக்குத் தனியாக எழுதினேன். எழுதினேன் என்றால் ஐந்து முறை எழுதி அழித்தேன். அவருடைய தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவரிடம் எந்த மொழியில் கேட்பது? கடைசியில் நோர்வே மொழியில் இரண்டே வரி: பழைய கொப்பியைப் பார்த்தேன், கடைசி நாளைப் பற்றி உங்களிடம் கேட்கவேண்டும். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வேலை அலுவலாக ஒஸ்லோ வருகிறாராம். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு மணித்தியாலம் இருக்குமாம்.

அந்த ஒன்பது நாளும், அதற்குப் பிறகு வந்த நாட்களும் எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விளையாட்டைத் தொடங்கத்தான் நான் ஆசைப்பட்டேன். இப்போது எனக்கு விளையாட்டு வேண்டுமா, மன்னிப்பு வேண்டுமா, அல்லது நான் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொல்லவேண்டுமா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு காலை ஒன்று சரி என்று படும், பின்னேரம் மற்றது.

ஜூன் மாதம் ஒரு வியாழன், மத்தியானம், ஒஸ்லோ மத்திய நிலையம். அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். கடற்பாசி வளர்க்கிற ஒரு ஆய்வுகூடத்தில் வேலையாம். நாக இளவரசி கடலடியிலேயே வேலை எடுத்துவிட்டார் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அவர் கதைத்த நோர்வே மொழி துரொண்ட்ஹெய்ம்காரர்களின் இழுவையோடு, என்னுடையதைவிட வேகமாக ஓடியது. கோப்பி வாங்கிக்கொண்டு, புறப்படும் நேரப் பலகை தெரிகிற ஒரு வாங்கில் இருந்தோம். நான் கொப்பியைத் திறந்து கடைசி வரியைக் காட்டினேன்.

அவர் அதை வாசித்தார். வாசித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அண்டைக்குக் காலமை அப்பா குளியலறையிலை விழுந்தவர். அம்புலன்ஸ் வந்தது. அம்மா கூடப் போனவ. நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போ, அங்கை ஆக்கள் இருப்பினம் எண்டு என்னை அனுப்பிப்போட்டுத்தான் போனவ."

ஆக்கள் என்றது எங்களை.

"நான் உங்களுக்குச் சொன்னனான். அப்பா மயங்கி விழுந்திட்டார், எழும்புவாரோ தெரியேல்லை எண்டு. நீர் உடனை டெர்னிங்கைக் கையிலை எடுத்தீர்."

நீங்கள் தமிழில் அல்லவா சொன்னீர்கள் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது என்ன வசனம் என்று எனக்கே உறைத்தது.

"வேறை எதிலை சொல்லுறது?" என்று கேட்டார் அக்கா. கோபமாக இல்லை. ரயில் எத்தனையாம் மேடை என்று கேட்கிற குரலில்.

அப்போது அவரிடம் இருந்த நோர்வே மொழி பேருந்தில் ஏறவும் வீட்டுப்பாடம் எழுதவும் போதுமானது. அப்பா விழுந்துவிட்டார் என்று சொல்ல அது போதாது. எங்கள் மூன்று பேருக்கும் தமிழ் விளையாட்டுக்கென்று ஒதுக்கிவைத்த மொழி. அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். நான் போட்ட சட்டத்தில் கதைக்கு வெளியே என்று ஒரு இடம் அவருக்கு இருக்கவேயில்லை. பத்து வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை.

"இரண்டு விழுந்தது. நீர் எழும்பி நிண்டு 'இறந்தார்' எண்டீர். மூண்டு பேரும் கைதட்டினீங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா வரும் வரைக்கும் நான் அதை நம்பினனான்."

பலகையில் ரயில்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. இப்போது அப்பா எப்படி என்று கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று நினைவில்லை.

"பஸ் ஓடுறார். பிரஷருக்குக் குளிசை போடுறார். நெடுக என்னோடை வாக்குவாதம்."

என் கையில் இருந்த கோப்பி ஆறிப்போயிருந்தது. நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு உண்மையான விஷயங்கள் வருகிற மொழி அது. அக்கா தலையை ஆட்டினார். அது போதாது போல் இருந்தது, தமிழிலும் சொல்லவேண்டும் போல் இருந்தது. "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றேன், கை தானாக நெஞ்சுக்குப் போனது. அக்காவுக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"இது மருமகன் ராசா சொல்லுறது. நீர் அவருக்கு இப்பிடித்தான் கதைக்கிறனீர். சும்மா சொறி எண்டு சொல்லும்."

சொறி என்றேன். அது ஆங்கிலம்; எங்கள் இரண்டு மொழியில் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ சரியாக இருந்தது.

விளையாட்டைப் பற்றி நான் மூச்சுக் காட்டவில்லை. அவர்தான் கேட்டார், ஏதோ திரும்பத் தொடங்கப்போவதாகக் குழுவில் போட்டிருந்தேனே, என்ன ஆச்சு என்று. விட்டுவிட்டோம் என்றேன். ஏன் என்றார். இதெல்லாம் சொல்லிவிட்டு ஏன் என்று கேட்கிறாரே.

"அந்த வருசம் எனக்குக் கிழமையிலை அந்த மூண்டு மணித்தியாலம்தான் கதைக்க ஆக்கள் இருந்தவை. நீங்கள் விளங்கினது வேறை. ஆனா நான் வாயைத் திறந்தா மூண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் கேக்கேல்லை."

இதை நான் இன்னும் எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். நன்றி மாதிரியும் இருந்தது, அடி மாதிரியும் இருந்தது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். ஒக்டோபரில் இன்னொரு தரம் ஒஸ்லோ வருவாராம், அந்தச் சனிக்கிழமை நிற்பாராம்.

"நான் தண்டையல். நீர் விளையாடும்," என்றார். "இன்னொண்டு. அநாதையைக் கொண்டுவராதையும். தாய் தேப்பன் உயிரோடை இருக்கிற ஆள் வேணும்."

மேடைக்கு இறங்குகிற படியில் அவர் கால் வைத்த பிறகு, மொழி என்ன சட்டம் என்று பின்னாலிருந்து கேட்டேன். அண்டைக்குப் பாப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரொம்சோஸுக்குத் திரும்பும் ரயிலில் கொப்பியை முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். இளவரசிக்குக் குளிர் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன், அடுத்த வரியில் தீவில் பனி பெய்யத் தொடங்குகிறது. இன்னொரு பக்கத்தில் இளவரசி பிழையான நிலையத்தில் இறங்கிவிட்டார், ஒருவரிடமும் வழி கேட்க முடியவில்லை. எட்டாந்தீவு உலகத்தில் ரயில் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது ஒரு கேள்வியும் எழவில்லை. புதுமையான கற்பனை என்று ஒரு புள்ளி கொடுத்திருக்கிறேன். மார்ச் மாதம் போல, இளவரசிக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றும், அதற்குப் பக்கத்தில், யாரோ சூனியம் வைத்திருக்கலாம், அடுத்த கிழமை சூனியக்காரனைக் கொண்டுவரவும் என்றும் இருந்தது. கொண்டுவந்தேன். நாலு கிழமை அவனோடு சண்டை பிடித்தோம். வாசிப்பில் நான் இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி மறு ரயிலுக்கு நின்றபோதும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிகளை அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'வெளியே' என்று எழுதினேன். பதினொரு இடம். சிலவற்றில் உள்ளேயா வெளியேயா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. அங்கே கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறது. அவற்றை அக்காவிடம் காட்டுவதா, காட்டினால் அதுவும் அவரை வைத்துக் குறிப்பெடுக்கிற இன்னொரு வேலையாகிவிடுமா என்று இன்னும் தெரியவில்லை.

ஒக்டோபர் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. டுக்னாட்டில் வாரிய பொடிக்கல் ஒன்றை மேசை நடுவில் வைக்கலாம், அதைக் கையில் எடுத்தவர் சொல்வது விளையாட்டில்லை என்று தம்பி சொல்கிறான். கல்லும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், சந்தேகம் வந்தால் வாயால் கேட்டுத் தொலையுங்கோ என்கிறாள் மச்சாள். இரண்டையும் அக்காவிடம் விட்டுவிட்டோம். அவர்தான் தண்டையல்.

என் பிரச்சினை வேறு. நான் இதுவரை ஒரு ஆளாக விளையாடியதே இல்லை. எல்லோருக்கும் விதி எழுதியவன், எனக்கென்று ஒரு வாளும் இல்லை. வீரர் தாளை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பெயரும் குலமும் ஆயுதமும் நிமிடத்தில் வந்துவிடுகின்றன. குடும்பம் என்ற இடத்தில் தாய், தகப்பன் என்று எழுதியதும் கதை நகரமாட்டேன் என்கிறது. அந்த இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள்.

நேற்று அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். சுற்றிவரப் பாம்பு படுத்திருக்கிற ஒரு தீவுக்குப் போகப்போகிறேன் என்றால் விடுவீர்களா என்று. அம்மா காய் நறுக்குகிற கையை நிறுத்தவில்லை. ஆரோடை போறாய் என்றார். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றார். சாப்பாடு கட்டித் தரவேண்டுமா, தம்பியும் வருகிறானா, அங்கே குளிருமா என்றார். கடைசியாக, பாம்பு எந்தப் பக்கம் என்றார். நான் ஓடிப்போய் அத்தனையையும் தாளில் எழுதினேன். ஐந்தாவது தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமை இரண்டு மணிக்கு, மச்சாளின் குசினி மேசையில், நான் இதுவரை இருந்திராத பக்கத்துக் கதிரையில் இருந்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டு எட்டாந்தீவுக்குப் புறப்படப் பார்க்கப்போகிறேன். பாம்பின் வாய் திறக்கப் பதினேழுக்கு மேல் விழவேண்டும் என்பது பழைய கணக்கு. வீட்டு வாசலைத் தாண்ட எத்தனை விழவேண்டும் என்பதை அக்காதான் சொல்லவேண்டும்.